கரண்டு விற்ற வீட்டுக்காரம்மா

மின்சாரத்தைத் தனியாருக்கு விடப் போகிறார்கள் என்று டீக்கடையில் யாராவது கொதித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். மயிலாடுதுறையில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் அதை எப்போதோ விட்டாயிற்று. அந்தத் தனியார், எங்கள் வீட்டுக்காரம்மா.

பழைய காலத்துப் பெரிய வீடு ஒன்றை நான்கு போர்ஷனாகத் தடுத்திருந்தார்கள். வாசல் பக்கத்துப் போர்ஷனில் அவர் இருந்தார். மற்ற மூன்றில் நானும் என் மனைவியும், ஒரு பஸ் கண்டக்டர் குடும்பம், பிளவுஸ் தைக்கும் செல்வி. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த மின்கம்பி ஒன்றுதான். கரண்டு ஆபீஸ் வைத்த மீட்டரும் ஒன்றுதான். அதிலிருந்து பிரித்து எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டி மீட்டரை அவரே வாங்கி மாட்டியிருந்தார். மொத்த பில்லை அவர் கட்டிவிடுவார். நாங்கள் குட்டி மீட்டர் ஓடிய அளவுக்கு அவரிடம் கட்ட வேண்டும். விலையை அவர்தான் வைப்பார்.

வீடு பார்க்கப் போன அன்றே கறாராகச் சொல்லிவிட்டார். "வாடகை பேசலாம் தம்பி. அட்வான்ஸ் பேசலாம். கரண்டு விலை மட்டும் பேசக் கூடாது."

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பேசியே பிழைக்கிறவன். எனக்கா பேசத் தெரியாது? "கவர்மென்ட் ரேட்டை விட ஜாஸ்தியா இருக்கேம்மா. முதல் நூறு யூனிட்டு ஃப்ரீன்னு வேற சொல்றாங்க" என்றேன்.

"அந்த நூறு ஒரு மீட்டருக்குத்தான். அதை நாலு வீட்டுக்கும் பிரிச்சுக் கழிச்சுட்டுத்தான் விலை வெச்சிருக்கேன். மோட்டாரு, மாடிப்படி லைட்டு, வாசல் லைட்டு எல்லாம் இதுக்குள்ள அடக்கம். ஒயரு போனா நான் மாத்துவேன். கரண்டு போனா நான் போய்க் கேப்பேன். நீங்க கரண்டு ஆபீஸ் வாசப்படி மிதிக்க வேண்டாம். அதுக்கும் சேத்துத்தான் அந்தக் காசு."

வெளியே வந்ததும் என் மனைவி முணுமுணுத்தாள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. கடைக்காரர்கள் விலையைச் சொல்லும்போது கூடவே நாலு வாக்குறுதியும் கொடுப்பது வழக்கம்தானே. வேறு வீடு அகப்படாததால் பால் காய்ச்சினோம்.

குடிவந்து சில நாளிலேயே ஒரு மத்தியானம் மின்சாரம் போயிற்று. ஃபேன் இறக்கை சுற்றி ஓய்வதற்குள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. குடையும் கையுமாக வீட்டுக்காரம்மா நின்றார். வெள்ளைப் புடவை, பின்னுக்கு இழுத்து முடிந்த நரைமுடி, மூக்கின் மேல் கனத்த கண்ணாடி. "போயிடுச்சு. பாத்தேன். தெரு பூரா இல்லை. என்னான்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்." அதே வார்த்தைகளைக் கண்டக்டர் வீட்டிலும் செல்வி வீட்டிலும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

திரும்பி வந்ததும் மறுபடி ஒவ்வொரு கதவாக வந்தார். "லைன்ல எங்கயோ மட்டை விழுந்திருக்கு. எங்கேன்னு தேடிக்கிட்டுப் போயிருக்காங்க. பொய் சொல்ல மாட்டேன், சாயங்காலம் ஆயிடும். மாவு அரைக்கணும்னா என் வீட்டு ஆட்டுக்கல்லு இருக்கு, வாங்க."

"நீங்க எதுக்கும்மா இந்த வெயில்ல போய்க்கிட்டு? தானா வரும்ல" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வித்தவ நான். வாங்கினவங்க இருட்டுல இருக்கறப்ப நான் உள்ள படுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? காசு வாங்கினேன்ல தம்பி. பதில் சொல்லணும்ல."

நான் கூடவிருந்த ஐந்தாறு வருஷமும் அவரைக் கவனித்ததில் கண்டது இந்த ஒன்றுதான். எதைச் சுற்றிப் போனாலும் கடைசியில் அவர் அங்கேதான் வந்து நிற்பார். காசு வாங்கினவள் பதில் சொல்ல வேண்டும்.

கரண்டு ஆபீஸில் அவருக்கென்று ஒரு பெஞ்சே இருந்ததாக லைன்மேன் ஒருவர் என்னிடம் சொன்னார். யாரையும் திட்ட மாட்டாராம். கத்த மாட்டாராம். பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க கஸ்டமருங்க மூணு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க சார்" என்பாராம். அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருமாம். "திட்டுனாக்கூட எந்திரிச்சுப் போயிடலாம் சார். இந்த அம்மா பேசாம உக்காந்திருக்கும். நமக்குத்தான் வேலை ஓடாது" என்று லைன்மேன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எங்கள் தெருவில் ஃபியூஸ் போனால் அந்த லைன்மேன்தான் முதலில் சைக்கிளை எடுப்பார் என்பதும் உண்மை.

ஒரு தடவை இடி இறங்கி மின்னழுத்தம் ஏறியதில் எங்கள் வீட்டு மிக்ஸி புகைந்து செத்துப்போனது. கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி. என் மனைவி கண் கலங்கிப் போனாள். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரம்மா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். புது மிக்ஸி.

"ஐயோ, இது என்னம்மா! ஆகாசத்துலேர்ந்து இடி விழுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இடியை நான் விக்கலை தங்கம். கரண்டை வித்தேன். நான் வித்தது உங்க மிக்ஸியைத் தின்னுடுச்சு."

வாங்க மாட்டோம் என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அவர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். பூசாரிப் பழமொழியை என் மனைவி அதற்குப் பிறகு சொல்லவில்லை.

இதனால் அவரைப் பெரிய தயாளு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விலையில் ஒரு பைசா விட மாட்டார். குட்டி மீட்டர்களுக்குக் கீழே சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு ஓடியது என்று எழுதிவிடுவார். காம்பவுண்டுக்கே தெரியும். நாங்கள் ஏ.சி. வாங்கிய கோடையில் எங்கள் எண்ணைப் பார்த்துக் கண்டக்டர் மனைவி மோவாயில் கை வைத்தாள். "ஏன் இப்படி எல்லாரும் பாக்கற மாதிரி எழுதறீங்க?" என்று நான் சண்டைக்குப் போனேன். "மறைச்சு எழுதினா நான் திருடினேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். கோபத்தோடேயே திரும்பி வந்தேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

செல்வியின் அப்பா வந்து சேர்ந்த பிறகுதான் அந்த அம்மாவின் வியாபாரத்துக்கே சோதனை வந்தது.

பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கி வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. வாழ்நாள் முழுக்க பீடி குடித்ததில் நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மிஷினோடு மகள் வீட்டுக்கு வந்தார். சின்ன சூட்கேஸ் அளவு மிஷின். மூக்கில் குழாயோடு அதன் பக்கத்திலேயே அவர் இருக்க வேண்டும். நாள் முழுக்க அது ஓட வேண்டும். நின்றால் அவருக்கு மூச்சு நிற்காது, ஆனால் மெல்ல மெல்ல உதடு நீலம் பாரிக்கும்.

செல்வி தயங்கித் தயங்கி வீட்டுக்காரம்மாவிடம் போனாள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"யூனிட்டுக்குக் கொஞ்சம் கொறைச்சுக்க முடியுமாங்கம்மா?"

"கொறைக்க மாட்டேன் செல்வி."

எனக்குச் சுருக்கென்றது. மனுஷியா இவர் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "உனக்குக் கொறைச்சா மத்தவங்களுக்கு ஏத்தணும். இதுல இன்னொரு வினையும் இருக்கு. மொத்த மீட்டரு ஒரு அளவைத் தாண்டிச்சுன்னா எல்லா யூனிட்டுக்குமே ரேட்டு எகிறிடும். உங்க அப்பா மிஷினால தாண்டத்தான் போகுது. அப்புறம் நாலு வீட்டுக்காரங்களும் அவரை மொறைச்சுப் பாப்பாங்க. மூச்சு விடறதுக்கு ஒரு மனுஷன் கூச்சப்படக் கூடாது. நான் யோசிச்சு வெக்கறேன், நீ போ."

அவர் யோசித்து வைத்தது முறை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள் என்று தண்ணீரைத் திருப்பிவிடுவார்களே, அந்த முறை. நாங்கள் நான்கு வீட்டாருமே வயல்காட்டுக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். முறைத் தண்ணீர் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் எங்களை வாசலில் கூட்டி வைத்துச் சொன்னார். மாவு ஒரே கிரைண்டரில், வாரத்துக்கு ஒரு வீட்டுப் பொறுப்பு. துணி தேய்ப்பது ஒரே நாளில், ஒரே பெட்டியில், சூடு ஆறுவதற்குள் எல்லாருக்கும். ஏ.சி. எங்களுடையது ஒன்றுதான். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தோம்.

செல்வியின் அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. மூக்குக் குழாயோடு செல்வி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். "ஊருக்கெல்லாம் நான் முறை விட்டேன். கடைசியில எனக்கு ஒரு பொம்பளை முறை விடறா." வீட்டுக்காரம்மா காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவார். ஆனால் வெற்றிலை இடித்துக் கொடுக்கிற சாக்கில் சாயங்காலம் அந்த ஜன்னல் பக்கம் அவர் போய் நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மிஷின் சத்தம் சரியாக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்.

இப்படியே போயிருக்கும். ஒரு வருஷம் கரண்டு ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள், நான்கு குடும்பத்துக்கு ஒரே இணைப்பு கூடாது, தனித்தனியாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் பார்த்தால் லாபம்தான். நூறு யூனிட் சலுகை ஆளுக்கு ஆள் கிடைக்கும், முறையும் வேண்டாம். அதற்கான அலைச்சலையெல்லாம் வீட்டுக்காரம்மாவே அலைந்தார். அதே பெஞ்சில் போய் உட்கார்ந்து காரியத்தை முடித்துக்கொண்டு வந்தார். புது மீட்டர்கள் வந்தன. பில் போனில் வந்தது. புகார் சொல்ல ஒரு நம்பர் கொடுத்தார்கள். அவருடைய குட்டி மீட்டர்களைக் கழற்றிய அன்றைக்கு, சுவரில் கடைசியாக எழுதியிருந்ததை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சுத்தமான பிறகும் துடைத்தார்.

அதற்குப் பிறகு மின்சாரம் போனபோது யாரும் கதவைத் தட்டவில்லை. எட்டிப் பார்த்தால் அவர் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார், குடை இல்லாமல். எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் புகார் நம்பரைப் போட்டு அவரிடமே கொடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் குரல். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"எங்க தெருவுல கரண்டு இல்லைம்மா."

"உங்கள் புகாரைப் பதிவு செஞ்சுக்கறேன் மேடம்."

"எப்ப வரும்?"

"விரைவில் சரி செய்யப்படும் மேடம்."

"நீ எந்த ஊர்லேர்ந்து பேசறே கண்ணு?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை மேடம்."

"அங்க மழை பெய்யுதா?"

"இல்லைங்க" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், மேடத்தை மறந்து.

"இங்க கொட்டுது. சரி, நீ பாவம். உன்னை என்ன கேக்கறது" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார். உள்ளே போகும்போது சொன்னார், "நல்ல பொண்ணு. ஆனா யாரு வித்தாங்கன்னு அதுக்கே தெரியாது தம்பி."

அவர் இப்போது உயிரோடு இல்லை. நாங்களும் ஊர் மாறி வந்துவிட்டோம். எனக்கு அவர் நினைவு வரும்போது மிக்ஸிப் பெட்டியும் வரும், சாக்பீஸும் வரும். ஆனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பது, புது மீட்டர்கள் வந்த பிறகு வந்த ஒரு புயல் மழை நாள்தான்.

ஐப்பசி மாதம். விடியற்காலையில் பேய்க்காற்று அடித்து ஓய்ந்திருந்தது. எங்கள் பகுதியில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை. செல்வி கையில் அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து அப்பாவுக்கு வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பாலத்தருகே மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி எடுத்ததும் வருகிறோம் என்றார்கள். நான் புகார் நம்பரைப் போட்டேன். பதிவு செய்துகொண்டார்கள். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பெரியவர் பேசவில்லை. பேச்சுக்கு மூச்சைச் செலவழிக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. செல்வி அவர் காலைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

வாசலில் வீட்டுக்காரம்மா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேளச் சத்தம் கேக்குதா?"

கேட்டது. பின்தெருவில் கல்யாண மண்டபம் இருந்தது.

"மைக்ல கேக்குது பாருங்க. கரண்டு இருக்கு அங்க. ஜெனரேட்டரு ஓடுது. தூக்குங்க அவரை."

பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு நானும் கண்டக்டரும் தூக்கினோம். செல்வி சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். மிஷினை என் மனைவி சுமந்தாள். கணுக்கால் தண்ணீரில் நாங்கள் ஒரு ஊர்வலமாகப் போனோம். வீட்டுக்காரம்மா குடை பிடித்து வந்தார், மிஷினுக்கு. நாங்கள் எல்லோரும் நனைந்தோம், பெரியவர் உட்பட.

மண்டப வாசலில் பெண்ணின் அப்பா பட்டு வேட்டியில் நின்று வருகிறவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார். மழையில் கூட்டம் குறைவு என்ற கவலை முகத்தில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் "வாங்க வாங்க" என்றார். பிறகுதான் நாற்காலியைப் பார்த்தார். "நீங்க மாப்பிள்ளை வீட்டுக்கு..."

"நாங்க எந்த வீடும் இல்லீங்க. கரண்டுக்கு வந்திருக்கோம்" என்றார் வீட்டுக்காரம்மா.

அந்த மனிதர் பெரியவரின் உதட்டைப் பார்த்தார். திரும்பி உள்ளே ஓடினார். பெண் அலங்காரம் செய்துகொண்டிருந்த அறைக்கு எங்களை நேராகக் கூட்டிப்போனார். அங்கே இருந்த ஒரே பிளக்கில் கல்யாணப் பெண்ணின் முடியைச் சுருட்டும் கருவி மாட்டியிருந்தது. யாரும் சொல்வதற்குள் அந்தப் பெண்ணே அதைப் பிடுங்கிப் போட்டாள். மிஷின் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. முகூர்த்தத்தின்போது ஒரு பக்கம் சுருண்ட முடியும் மறுபக்கம் நீட்ட முடியுமாகத்தான் அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது பெரியவரின் உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. அறைக்குள் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதித்தார்.

எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு வரவில்லை. மொய் எழுதும் மேஜையைத் தேடி மண்டபம் முழுக்கச் சுற்றினார். கரண்டுக்கென்று காசு கொடுத்தால் கல்யாண வீட்டில் வாங்க மாட்டார்கள், மொய்யாக எழுதிவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. வாசலில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று அட்டை தொங்கியதை என் மனைவி காட்டினாள். அவர் முகம் விழுந்துவிட்டது. ஜெனரேட்டர்காரரிடம் போய் டீசல் என்ன விலை என்றார். அவர் பெண்ணின் அப்பாவைக் கைகாட்டினார். பந்தியில் எங்களை உட்காரச் சொன்னார்கள். நாங்கள் உட்கார்ந்தோம், வெட்கமில்லாமல் சாப்பிட்டோம். அவர் வரவில்லை. "எனக்குப் பசிக்கலை" என்று பெரியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மத்தியானம் மாப்பிள்ளை பெண்ணை அனுப்பிவைத்தார்கள். சொந்தக்காரர்கள் மழைக்குப் பயந்து சீக்கிரம் கிளம்பினார்கள். தெருவில் இன்னும் மின்சாரம் வரவில்லை. ஆம்புலன்ஸும் வரவில்லை. மண்டபத்து மேனேஜர் வந்து, நேரம் முடிந்தது, ஜெனரேட்டரை நிறுத்தப் போகிறோம் என்றார். செல்வி எழுந்து நின்றாள். சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தாள்.

"ஓடட்டும்" என்றார் பெண்ணின் அப்பா. பட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க கரண்டு வர்ற வரைக்கும் ஓடட்டும். நான் இருக்கேன்."

வீட்டுக்காரம்மா அவர் முன்னால் போய் நின்றார். "டீசல் செலவை நீங்க வாங்கிக்கணும்."

"கல்யாண வீட்டுல கரண்டு விக்கச் சொல்றீங்களா?"

"ஓசியில வாங்கினா எனக்குத் தூக்கம் வராதுங்க."

அவர் சிரித்தார். "பெரியவரு உங்க அண்ணனா?"

"இல்லீங்க. என் வீட்டுல குடியிருக்கற பொண்ணோட அப்பா."

"ஓ. கரண்டு வாடகையோட சேத்தா?"

"முன்னாடி நான்தான் வித்துக்கிட்டிருந்தேன். காசு வாங்கினேன், பதில் சொன்னேன். இப்ப அவங்க அவங்க மீட்டரு. நான் விக்கறதில்லை."

"அப்ப எதுக்கும்மா இந்த மழையில இவரைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?"

வீட்டுக்காரம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கரண்டு ஆபீஸில், புகார்ப் பெண்ணிடம், என்னிடம், எல்லோரிடமும் பேச்சுக்குப் பேச்சு வைத்திருந்தவர். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போனவர், புடவை முழுக்க ஈரம் என்பதால் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அழுதிருந்தார்.

"தெரியலீங்க" என்றார்.

"எனக்கும் தெரியலை. வாங்க, சாப்பிடலாம். நானும் இன்னும் சாப்பிடலை."

மேஜைகளையெல்லாம் மடித்து வைத்துவிட்டார்கள். அறையிலேயே தரையில் இரண்டு இலை போட்டார்கள். எனக்கும் ஒண்ணு என்று பெரியவர் கையைக் காட்டினார். அவருக்கு மிஷின் பக்கத்தில் நாற்காலியிலேயே மடியில் தட்டு. சோறு ஆறிப்போயிருந்தது, சாம்பாரில் காயெல்லாம் அடியில் போயிருந்தது. ஜெனரேட்டர் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மா முதல் கவளத்தை எடுத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். வழக்கத்தைவிட நீளமான ஜெபம். பெண்ணின் அப்பா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார்.

வீட்டுக்காரம்மாவுக்கு நன்றாகப் பசித்திருக்கிறது, பாவம். ஒரு பேச்சும் இல்லாமல் சாப்பிட்டார். கடைசியில் சமையல்காரர் பாயச வாளியைக் கவிழ்த்து வழித்து ஒரு கரண்டி ஊற்றினார். அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?" என்று கேட்டார்.